சாவியைக் கொன்ற மாப்பிள்ளை

கல்யாணத் தரகர் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தார்.

உயிரோடு இருந்தபோதும் அந்த வாய் மூடியதில்லை. எத்தனையோ குடும்பங்களைப் பொய் பேசியே இணைத்த வாய். இன்று காலை, தொழிலுக்கு வந்த பிறகு முதல்முறையாக, ஓர் உண்மையைப் பேசத் துணிந்தது.

அதோடு சரி.

பக்கத்தில் ஒரு பஞ்சிங் மெஷின் கிடந்தது. ஃபைல் காகிதங்களில் ஓட்டை போடும் கனத்த இரும்பு மெஷின். இன்று அது ஓட்டை போட்டது காகிதத்தில் அல்ல.

போட்டவன் மரக்கடை வீட்டு மாப்பிள்ளை.

கைக்குட்டையால் மெஷினைத் துடைத்தான். கதவுக் குமிழைத் துடைத்தான். வெளியே வந்து தரகர் வீட்டுக் கதவை இழுத்தான்.

'க்ளக்.'

இழுத்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும் கதவு. இனி உள்ளே போக ஒரே சாவிதான். அது தரகரின் இடுப்பில்.

படியில் யாரும் இல்லை. தெருவில் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, பல் ஆஸ்பத்திரியின் பின்புறம் அவன் கார் நின்றது. மாமியார் கொடுத்த கார். அவரே சில வருடங்கள் ஓட்டிய கார். புதிதாக வாங்கித் தராமல் பழையதைத் தலையில் கட்டிவிட்டார் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனுக்குக் குறை.

இன்னொரு குறையும் உண்டு.

மாமியார் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். மரக்கடை வாட்ச்மேன் ஓடி வந்து கார்க் கதவைத் திறக்க வேண்டும். தாமதமானால் அன்று முழுக்க மனைவிக்கு அர்ச்சனை.

"உங்க வீட்டுல எல்லாம் இருக்கு. மாப்பிள்ளைக்குக் கதவு திறந்துவிட ஒரு ஆள்தான் இல்ல."

கதவு திறக்கத் தெரியாதவன் அல்ல. திறந்தால் மதிப்பு குறைந்துவிடும் என்று நம்பியவன். உழைத்துச் சம்பாதித்த மதிப்பு கையில் இல்லாதவனுக்கு இப்படிப்பட்ட கவலைகள் வரும்.

காரை நெருங்கினான். சட்டைப் பைக்குள் கை விட்டான்.

பை காலி.

கால்சட்டைப் பையிலும் இல்லை. மறுபடி சட்டைப் பை.

அப்போதுதான் நினைவு வந்தது. சரிந்து விழும்போது தரகரின் கை அவன் சட்டைப் பையைப் பற்றி இழுத்தது. ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. தரகரின் பல் என்று நினைத்தான்.

பல் அல்ல.

கார் சாவி... பிணத்துக்கு அடியில்... பூட்டிய கதவுக்குப் பின்னால்.

நாளைக்கோ இன்றைக்கோ போலீஸ் கதவை உடைக்கும். சாவியை எடுக்கும். இந்தக் காருக்குப் பக்கத்தில் நின்று பொத்தானை அமுக்கும். விளக்குகள் மின்னும். கூண்டில் நின்று சாட்சி சொல்வதுபோல் கார் கத்தும்.

போனை எடுத்துத் தேடினான். 'கார் சாவி தொலைந்ததா? நீங்கள் நிற்கும் இடத்துக்கே வந்து செய்து தருகிறோம்.'

எண்ணை அழுத்தினான்.

"ஹலோ, கார் டாக்டர்."

"டாக்டரா? எனக்கு சாவிக்காரன் வேணும்."

"அவனேதான் சார் பேசுறேன். நோயாளி எங்க நிக்குது?"

வேன் வந்தது. இறங்கியவருக்குத் தொப்பை முன்னால் வந்தது, பேச்சு அதற்கும் முன்னால் வந்தது.

"லைசென்சைக் காட்டுங்க சார். வண்டிப் பேப்பர் போன்ல இருக்கா? சொந்தக்காரர் யாருன்னு பார்க்காம நான் ஊசி போடுறதில்ல. எனக்குன்னு ஒரு பேர் இருக்கு பாருங்க."

"பார்த்துத் தொலை."

பார்த்தார். திருப்தியானார். மெல்லிய கம்பிகளைக் கதவின் பூட்டுக்குள் விட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு திருகினார். கதவு திறந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தார்.

"சார், இந்த வண்டி ரெண்டு சாவியை ஞாபகம் வெச்சிருக்கு. ரெண்டுமே தொலைஞ்சுதா?"

மாப்பிள்ளை ஒரு நொடி யோசித்தான். இன்னொரு சாவி மாமியாரின் பீரோவில் இருந்தது. காரைக் கொடுத்தபோது ஒன்றை அவர் தன்னிடமே வைத்துக்கொண்டார். அது பீரோவில் தூங்குகிறது. அதை யார் எழுப்பப் போகிறார்கள்?

"ரெண்டும்தான். அழிச்சிடு."

"நல்லா யோசிச்சுக்கோங்க. ஒண்ணை மட்டும் தனியா அழிக்க முடியாது. மொத்தத்தையும் அழிச்சுட்டு, கையில இருக்கிறதைத்தான் புதுசா பதியணும். வீட்டுல ஒண்ணு இருந்தா கொண்டாந்துடுங்க, அதையும் பதிஞ்சுடுறேன். இல்லேன்னா அதுவும் செத்துடும்."

"சாகட்டும்."

"ஏன் சார், பழைய சாவி வேற யார் கையிலயாவது சிக்கிடும்னு பயமா?"

மாப்பிள்ளை சட்டென்று அவர் பக்கம் திரும்பினான். "எதுக்குக் கேக்குற?"

"இல்ல... நான் அழிக்கிறது வண்டியோட ஞாபகத்தைத்தான். இரும்பு இரும்பாத்தான் இருக்கும். பயமிருந்தா கதவுப் பூட்டையும் சேர்த்து..."

"யோவ். உன்கிட்ட பாடம் படிக்கவா கூப்பிட்டேன்? சொன்ன வேலையை மட்டும் பண்ணு."

"சரி சார். டாக்டர் பேச்சைக் கேக்காத நோயாளிங்களை நிறையப் பார்த்திருக்கேன்."

மாப்பிள்ளை விலகிப் போய், சுவர் நிழலில் முதுகைக் காட்டி நின்றான். வேனுக்குள் ஏதோ மெஷின் கிறீச்சிட்டது. சாவிக்காரர் எதை வெட்டுகிறார், ஏன் வெட்டுகிறார் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவன் வேலை செய்வதைப் பார்ப்பதுகூட அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

கொஞ்ச நேரத்தில் புதுச் சாவி கைக்கு வந்தது. அமுக்கினான். கார் கண் சிமிட்டியது.

"பழைய சாவி?"

"அமுக்கினா வண்டி திரும்பிக்கூடப் பார்க்காது சார். செத்துப்போச்சு."

மாப்பிள்ளை சிரித்தான். ஒரே நாளில் இரண்டு கொலை. இரண்டாவதற்கு ரசீதுகூடக் கிடைத்தது.

சாவிக்காரர் கதவைத் திறந்துவிடுவார் என்று சற்று நின்று பார்த்தான். அவர் வேனைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டார்.

சாயங்காலம்.

மரக்கடையில் அறுப்பு மெஷின் நின்றிருந்தது. தரையெங்கும் மரத்தூள். கடைக்குப் பின்னால் வீடு, நடுவில் முற்றம். முற்றத்தில் கார் பூட்டி நின்றது.

வீட்டு வாசலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்த மறுமாதமே கடையை நிமிர்த்தி நிறுத்தியவர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கியும் யாரும் பார்த்ததில்லை. எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருந்தார். அது காலியாக இருந்தது.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் கறுப்பாக ஒரு கார் சாவி.

"அம்மா, உங்க பொண்ணு கல்யாணத்தை முடிச்சு வெச்ச தரகரை யாரோ கொன்னுட்டாங்க. அவர் உடம்புக்கு அடியில இது கிடந்துது. அவருக்குக் கடைசியா வந்த போன் உங்க மாப்பிள்ளையோடது."

மகள் உள்ளேயிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பின்னால் மாப்பிள்ளை வந்தான். அழகாகத் தலை வாரியிருந்தான்.

"தரகருக்குப் போன் பண்ணாத ஆள் யாரு சார்? இந்தக் கம்பெனி காரு தெருவுக்கு நாலு ஓடுது. சந்தேகம்னா அமுக்கிப் பாருங்களேன்."

இன்ஸ்பெக்டர் உறையோடு சேர்த்துப் பொத்தானை அமுக்கினார்.

கார் அசையவில்லை.

பக்கத்தில் போய் அமுக்கினார். குனிந்து அமுக்கினார்.

கார் செவிடாக நின்றது.

மாப்பிள்ளை தன் சாவியை எடுத்தான். அமுக்கினான். விளக்குகள் மின்னின. இன்னொரு முறை அமுக்கித் திரும்பப் பூட்டினான்.

"பார்த்தீங்களா? இதுதான் என் வண்டி சாவி. நீங்க அதை வெச்சு ஊர் பூரா அமுக்கிட்டே போங்க சார். எங்கயாவது ஒரு ஷட்டராவது திறக்கும்."

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. வேறு என்ன செய்ய முடியும்? "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா" என்று திரும்பினார்.

"நில்லுங்க."

மாமியார் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம். திரும்பி வந்தபோது அவர் கையில் அதே மாதிரி இன்னொரு சாவி.

காரை நோக்கி நீட்டி அமுக்கினார்.

கார் அவரையும் கண்டுகொள்ளவில்லை.

"முந்தாநாள் மர லாரி உள்ள வரணும்னு, இதை வெச்சுத்தான் காரை நகர்த்தி விட்டேன்."

"அதுல பேட்டரி தீர்ந்திருக்கும் அத்தை."

"சிவப்பு விளக்கு எரியுதே மாப்பிள்ளை. இன்ஸ்பெக்டர் கையில இருக்கிறதுலயும் எரிஞ்சுது, நான் பார்த்தேன். பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கார்தான் ஆளைத் தெரியாத மாதிரி நிக்குது. ஒரு சாவி என் பீரோவுல இருந்துது, ஒரு சாவி பிணத்துக்குக் கீழ கிடந்துது. ரெண்டையும் ஒரே நாள்ல மறக்குற அளவுக்கு இந்தக் காருக்கு என்ன வந்துது?"

மகள் மெல்ல அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, உள்ள போய்ப் பேசலாம்மா. மரம் வாங்க வந்தவங்க எல்லாரும் பார்க்குறாங்க. நம்ம குடும்ப மானம்..."

"அவ சொல்றது சரி அத்தை." மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினான். "நான் ஜீப்புல ஏறினா, உங்க வீட்டுப் பேரும் என்கூடவே ஏறும். நாளைக்கு இந்தக் கடைக்கு எவன் வருவான்? யோசிச்சுக்கோங்க."

இதுதான் அவனுடைய கடைசிச் சீட்டு. நல்ல குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் தங்கிவிடுவதற்குக் காரணமே இந்தச் சீட்டுதான். மானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள் என்ற தைரியம்.

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையிலேயே யோசிச்சுட்டேன். தரகர் எனக்குப் போன் பண்ணினார். 'உங்க மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருக்கா, எனக்கே இப்பதான் தெரியும், சாயங்காலம் வந்து உங்க பொண்ணு முன்னாலயே சொல்றேன்'னார். அந்த நாற்காலி அவருக்குப் போட்டதுதான்."

மகளின் கை அம்மாவின் கையிலிருந்து நழுவியது.

"மானம்கிறது அழுக்கை மூடி வெக்கிற துணி இல்லம்மா" என்றார் மாமியார் மகளிடம். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "அந்தச் சாவியைக் கையில எடுங்க."

இன்ஸ்பெக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். "ஆனா இது வேலை செய்யலையேம்மா."

"ஓரத்துல சின்னதா ஒரு தாழ்ப்பாள் மாதிரி இருக்கும். அதைத் தள்ளிட்டு, மேல் முனையைப் பிடிச்சு இழுங்க."

தள்ளினார். இழுத்தார்.

கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று வெளியே வந்தது.

மாப்பிள்ளை அதைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தான். இத்தனை நாள் அவன் பையிலேயே கிடந்த இரும்பு. 'இரும்பு இரும்பாத்தான் இருக்கும்' என்று ஒருவர் சொல்ல வந்தது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

"டிரைவர் பக்கத்துக் கதவு" என்றார் மாமியார். "கைப்பிடிக்குக் கீழ ஓட்டை இருக்கும். விட்டுத் திருப்புங்க."

இன்ஸ்பெக்டர் திருப்பினார்.

'க்ளக்.'

காலையில் தரகர் வீட்டுக் கதவு போட்ட அதே சத்தம். கதவைப் பிடித்து இழுத்தார். திறந்தது.

ரிமோட்டில் பூட்டிய காரை இரும்பால் திறந்ததும், திருடன் புகுந்துவிட்டான் என்று கார் நினைத்துவிட்டது. எல்லா விளக்குகளும் மின்ன, ஹாரன் அலறியது. அறுப்புக் கூடத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். காலையிலிருந்து மாப்பிள்ளை எந்தச் சத்தத்துக்குப் பயந்தானோ, அதே சத்தம்.

மகள் நடந்து வந்தாள். அவன் விரல்களைப் பிரித்துப் புதுச் சாவியைப் பிடுங்கி அமுக்கினாள். அலறல் நின்றது.

சாவியை அவள் திருப்பித் தரவில்லை.

"அத்தை..." என்றான் மாப்பிள்ளை. "உங்களுக்கு... இது எப்படி...?"

"ஒரு நாள் மழையில பேட்டரி போயி நடுரோட்டுல நின்னேன். இப்படித்தான் திறந்து உள்ள போனேன். வண்டியைக் கையால திறந்து ஓட்டினவங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி கான்ஸ்டபிள் காத்திருந்தார். மாப்பிள்ளை நகராமல் நின்றான்.

மாமியார் நாற்காலியில் போய், வழக்கம்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏறுங்க மாப்பிள்ளை. கதவு திறந்துவிட ஆள் இல்லைன்னு எப்பவும் குறைப்பட்டீங்களே... இனிமே திறக்கவும் பூட்டவும் அரசாங்கமே ஆள் போட்டுத் தரும்."