கப்பல் டாலர்

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் கூடத்தில் உட்கார்ந்து நாணயங்களைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். கிண்ணத்தில் பல்பொடி, பக்கத்தில் ஈரத்துணி. மறைந்த மாமனார் ஆயுள் முழுக்கச் சேர்த்த நினைவு டாலர் நாணயங்கள் அவை. இன்று அவற்றுக்கு மதிப்புப் போட நாணய வியாபாரி வருகிறார். வீடே தலைகால் புரியாமல் பரபரத்தது.

"பாருடி, எப்படி ஜொலிக்குது! பார்த்த உடனே அந்த ஆள் அசந்துடுவார்!" என்றார் மகளிடம்.

"எல்லாம் சரிம்மா... அந்தக் கப்பல் படம் போட்ட டாலர் மட்டும் இருந்திருந்தா!" நாத்தனார் அடுப்படிப் பக்கம் பார்த்து இழுத்தாள். "அப்பா கண்ணை மூடினதுமே யாரோ கை வச்சுட்டாங்களே!"

"யாரோ என்ன யாரோ? பெட்டிச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? திருடியை வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கேனே!"

மருமகள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் கணவன் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அம்மா முன்னால் அவன் பெட்டிப்பாம்பு. வருஷக்கணக்காக இதே பேச்சு. ஒரு வார்த்தை சொன்னால் பழி நீங்கிவிடும். ஆனால் அதைச் சொல்வதில்லை என்றுதான் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வியாபாரி வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் நாணயம்... இரண்டாவது... அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இதையெல்லாம் யாரும்மா தேய்ச்சது?"

"நான்தான்! வாராவாரம் தேய்ப்பேன்!"

"போச்சு! தேய்ச்ச நாணயத்தைச் சேகரிக்கிறவங்க தொடவே மாட்டாங்கம்மா. மேல பூராக் கீறல்... வெறும் வெள்ளி விலைதான் கிடைக்கும்."

மாமியார் கையிலிருந்த துணி நழுவியது. "ஐயோ! அவர் ஆசை ஆசையாச் சேர்த்ததை நானே பாழாக்கிட்டேனா! அவர் ஒரு வார்த்தை சொல்லலையே!"

இனி மறைக்க என்ன இருக்கிறது? மருமகள் உள்ளே ஓடினாள். புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்து நீட்டினாள். கப்பல் டாலர்!

வியாபாரி துள்ளி எழுந்தார். "அடேயப்பா! விரல்கூடப் படலையே! இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு எத்தனை பேர் அலையுறாங்க! மத்ததெல்லாம் சேர்த்தாலும் இதுக்கு ஈடாகாது!"

"அப்போ நீதானே எடுத்தே!" நாத்தனார் பாய்ந்தாள்.

"மாமாதான் கொடுத்தார்..." மருமகள் விம்மினாள். "'தேய்ச்சா மதிப்புப் போயிடும்னு எனக்குத் தெரியும்மா. ஆனா தேய்க்கிறப்போ அவ முகத்துல ஒரு பெருமை வருமே... அதுக்கு முன்னால டாலர் என்ன பெரிசு? இது ஒண்ணை மட்டும் அவளுக்காகப் பத்திரமா வை. காரணத்தைச் சொல்லிடாதே, தாங்க மாட்டா'ன்னார். அதான் அத்தை... நான் வாயே திறக்கலை."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டிப்பாம்பு செய்தித்தாளை வீசிவிட்டு மனைவியின் பக்கத்தில் வந்து நின்றது.

"என் மனசு நோகக் கூடாதுன்னுதானா திருடிப் பட்டத்தைச் சுமந்தே! பாவி நான்... என்னென்ன பேசிட்டேன்!" மாமியார் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே டப்பாவைத் திறந்தவர், பழக்க தோஷத்தில் முந்தானையை இழுத்தார்.

"அம்மா!" என்று அலறினார் வியாபாரி.

மாமியாரின் கை அப்படியே நின்றது. டப்பாவை மூடி மருமகளிடமே கொடுத்தார். அந்த முந்தானையால் அவள் கன்னத்தை அழுத்தித் துடைத்தார்.

"இதையாவது நான் துடைக்கலாம்ல?" என்று கேட்டு, அவளை இறுகக் கட்டிக்கொண்டார்.