மூன்றாவது மூச்சு

பதினோராவது நிமிடத்தில் அந்த அறையில் மூன்று பேர் மூச்சு விட்டார்கள்.

அவள் காலடியில் இருந்த பெடலை மிதித்து ஒலிப்பதிவைப் பின்னுக்கு ஓட்டினாள். மறுபடி கேட்டாள். மனநல ஆலோசகரின் மூச்சு ஒன்று, மெல்லியது, நிதானமானது. தன்னுடையது ஒன்று, மூன்று மாடி ஏறி வந்தவளைப் போல இடறி இடறி வருவது. இரண்டுக்கும் அடியில், சாக்கைத் தரையில் மெதுவாக இழுத்துப் போவதைப் போல இன்னொன்று. ஆனால் அன்று அந்த அறையில் இருந்தது இரண்டே பேர்.

மின்விசிறியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அவளுடைய காதை அவளாலேயே ஏமாற்ற முடியவில்லை. பதினாறு வருடமாக அந்தக் காதுதான் வீட்டுக்குச் சோறு போட்டது. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு கருவியில் பேசி அனுப்புவார்கள். ஹெட்போனில் அதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவள் வேலை. எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர், குழாயடியில் கை கழுவிக்கொண்டே பேசுகிறவர், கொட்டாவிக்கு நடுவே மருந்தின் பெயரை விழுங்கிவிடுகிறவர், எல்லோரையும் பிரித்தெடுத்துவிடுவாள். மின்விசிறி மூச்சை இழுத்து, பிடித்து, பிறகு விடாது. இது விட்டது.

ஆலோசகரிடம் போக நேர்ந்ததே அந்த வேலையால்தான். அலுவலகத்தில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருந்தது. பேசினால் போதும், அதுவே எழுதிவிடும். இருபத்திரண்டு மேசைகளில் பதின்மூன்று காலியாகிவிட்டன. மிச்சமிருப்பவர்களில் யாருக்குச் சீட்டுக் கிழியும் என்ற பட்டியல் இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்று இழுத்துக்கொண்டே போனது. வீட்டுக்காரர் வேலை போய் எட்டு மாதமாக வீட்டில்தான் இருந்தார். ஒரு மதியம், யாரோ ஒருவரின் குடலிறக்க அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தபோது அவள் விரல்கள் மரத்தன. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு அடைத்தது. இருதயம் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருதயம் நன்றாகத்தான் இருந்தது.

"உடம்புல ஒண்ணுமில்லன்னா மனசைக் கவனி," என்றாள் அண்ணி. "பல்லு வலிச்சா டாக்டர்கிட்ட போறோம்ல, அது மாதிரிதான். வெட்கப்பட்டுக்கிட்டு உள்ளுக்குள்ளயே வெந்துட்டு இருக்காத." தனக்குத் தெரிந்த ஆலோசகரின் எண்ணையும் அவளே கொடுத்தாள்.

தையல் இயந்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் சின்ன அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஒரு அலமாரி, ஜன்னலில் தடித்த பச்சைத் திரை. ஆலோசகர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத குரல் அவருக்கு. "நாலு எண்ணி இழுங்க. நாலு எண்ணிப் பிடிங்க. ஆறு எண்ணி விடுங்க. கண்ணை மூடிக்கோங்க, நான் எண்ணுறேன்." முதல் நாளே அவள் வாய்விட்டு அழுதாள். படியிறங்கும்போது மாதக்கணக்கில் இறுகிப்போயிருந்த தோள்கள் தளர்ந்திருந்தன. வீட்டிலும் பழகுவதற்காக அந்தப் பயிற்சியை அவள் ஃபோனிலேயே பதிவு செய்துகொள்ளச் சொல்லியிருந்தார் ஆலோசகர்.

அந்தப் பதிவைத்தான் அலுவலகக் கணினியில் ஏற்றி, சாப்பாட்டு இடைவேளையில், காலி மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்றாவது மூச்சு அவளைப் பின்பற்றியது. அவள் நாலு இழுத்தால் அதுவும் நாலு. அவள் பிடித்தால் அதுவும் பிடித்தது. ஒரு நொடி தாமதமாக. எழுதப் பழகும் குழந்தை மேல்வரியைப் பார்த்துப் பார்த்துக் கீழே எழுதுமே, அந்தத் தாமதம்.

இரண்டாம் வாரம் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அறையை நாலு பக்கமும் பார்த்துக்கொண்டாள். சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்றைய பதிவில் அந்த மூச்சு அடியில் இல்லை. மேலே வந்திருந்தது. மைக்கை உரசிக்கொண்டு, கொஞ்சம் ஈரத்தோடு, மிகப் பக்கத்தில்.

ஃபோன் அன்று அவள் மடியில் இருந்தது.

பக்கத்து மேசைக்காரியை எல்லோரும் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் எங்கே மூச்சு வாங்கினாலும் ஒரு கமா போட்டு மேலாளரிடம் திட்டு வாங்குகிறவள். அவளிடம் விவரம் சொல்லாமல் ஹெட்போனை நீட்டினாள்.

"இதுல எத்தனை பேர் இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லேன்."

கமா பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள். "மூணு பேரு. ஏன்டி, கும்பலா உட்கார வச்சா வைத்தியம் பாக்குறாங்க?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஹெட்போனைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பால் அதன் காதுப் பகுதியை அழுத்தித் துடைத்தாள். "அந்த மூணாவது ஆளு ஏன்டி உன்னை மாதிரியே மூச்சு விடுது?"

மூன்றாம் வாரம் அதை ஆலோசகரிடமே போட்டுக் காட்டினாள். அவர் இரண்டு தடவை கேட்டார்.

"இந்த ரூம்ல எதிரொலி ஜாஸ்திம்மா," என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்த் திரைக்குப் பின்னால் பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். அந்த மூச்சைவிட அவளை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

"நீங்க கற்பனை பண்றீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் திரும்பி வந்து. "இனிமே நீங்க கண்ணை மூடும்போது நான் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். தைரியமா வாங்க."

அன்றைய பதிவில் மூன்றாவது மூச்சு இல்லை. அப்பாடா என்று பெடலிலிருந்து காலை எடுக்கப் போனாள். அப்போதுதான் கேட்டது. ஆலோசகர் எண்ணும்போது அவர் குரலுக்குள்ளேயே ஒரு கிசுகிசுப்பு. ஒண்ணு. ரெ. ரெண். ரெண்டு. வாய்க்குப் பழக்கமில்லாத சொல்லை உருட்டிப் பார்ப்பது போல.

இனி அந்தப் படியே ஏறுவதில்லை என்று முடிவு செய்தாள். நான்கு நாள் அந்த முடிவு தாங்கியது. ஐந்தாம் நாள் பட்டியலை ஒட்டினார்கள். கமாவின் பெயர் இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே அவள் பெயர். விரல்கள் மரத்தன. நெஞ்சு அடைத்தது. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? ஆலோசகரை அழைத்தாள். "நாலு மணிக்கு வந்துடுங்க, நான் இருக்கேன்," என்றார் அவர்.

மழை கொட்டியது. நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. படியேறும்போது மூக்குக்கண்ணாடியில் நீர் வழிய, கழற்றிப் பைக்குள் போட்டாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கில்லை. பச்சைத் திரையின் மங்கலான வெளிச்சத்தில், எதிர் நாற்காலியில் உருவம்.

"வாங்க உட்காருங்க."

"மேடம், லிஸ்ட் வந்திருச்சு. என் பேரும்..."

"தெரியும் கண்ணை மூடிக்கோங்க மூச்சிலிருந்து ஆரம்பிக்கலாம்."

மூடினாள். அந்தக் குரலுக்காகத்தானே நனைந்துகொண்டு ஓடி வந்தாள்.

"இழுங்க ஒண்ணு ரெண்டு மூணு நாலு பிடிங்க ஒண்ணு ரெண்டு மூணு நாலு விடுங்க."

விட்டாள். மறுபடி இழுத்தாள். இரண்டாவது சுற்றில்தான் காது விழித்துக்கொண்டது. பேசுகிறவர் யாராக இருந்தாலும் நடுவில் எங்கேயாவது காற்று வாங்கித்தான் ஆக வேண்டும். பதினாறு வருடத்தில் காற்று வாங்காத குரலை அவள் கேட்டதில்லை.

இந்தக் குரல் வாங்கவில்லை.

படிகளில் செருப்புச் சத்தம். ஈரக் குடையை உதறும் சத்தம். பிறகு வாசலில், மூச்சு இரைக்க, ஆலோசகர்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, மழையில மாட்டிக்கிட்டேன். கதவை யாரு திற..."

பேச்சு அறுந்தது. குடை விழுந்து உருண்டது.

"பிடிங்க," என்றது எதிர் நாற்காலி.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

விடப் பார்த்தாள். நெஞ்சு பூட்டிக்கொண்டது. கண்ணைத் திறக்கப் பார்த்தாள். சூடும் இல்லாத ஈரமும் இல்லாத இரண்டு விரல்கள் அவள் இமைகளின்மேல் வந்து, பரிவோடு, அமர்ந்தன.

"அஞ்சு."

வாசலிலிருந்து அலறல் வரவில்லை. காலடி வரவில்லை. ஆலோசகரின் இரைப்பும் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. அவரும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு."

மழை.

"ஏழு."