திராவகத்தில் ஊறிய எலும்பு

ஊசி இறங்கவில்லை. நாள்கணக்கில் திராவகத்தில் ஊறியும் அந்த எலும்புத் துண்டு கல்லாகவே இருந்தது. வெங்கடசுப்ரமணியன் இன்னொரு தடவை அழுத்திக் குத்தினார். கீழே பெண்கள் வார்டில் யாரோ வீறிட்டார்கள்.

சாமுண்டி மலையையே மேகம் விழுங்கியிருந்த அந்த மழைச் சாயங்காலத்தில், ஆஸ்பத்திரி மாடியில் ஃபார்மலின் நெடியும், வாசலில் நனைந்து நின்ற ஜட்காக் குதிரைகளின் வாடையும் கலந்து வீசின. எலும்பு இளகினால்தான் மெல்லிய இதழாகச் சீவிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் புற்றா இல்லையா என்று சொல்ல முடியும். புற்றென்றால் தொடையோடு காலை எடுத்துவிடுவார்கள்.

கால், அவர் மனைவி நாகலக்ஷ்மியுடையது. துண்டும் அதிலிருந்து வெட்டியெடுத்ததுதான்.

"சீக்கிரம் சொல்லுங்க டாக்டர்," என்றிருந்தார் சர்ஜன். "தள்ளிப் போட்டா காலோட நிக்காது."

"புத்துன்னு மட்டும் சொல்லிடாதீங்கோ," என்றிருந்தாள் அவள்.

குப்பியில் இன்னும் வீரியமான திராவகத்தை ஊற்றினார். எலும்பிலிருந்து பொடிக் குமிழிகள், கறையான் அரிப்பதுபோல் சன்னமாக நெறுநெறுத்துக்கொண்டு, விடாமல் மேலேறின.

சேவகன் தொட்டையன் மூச்சிரைக்க வந்து நின்றான். "சாமி, நம்ம அம்மாதான் கத்துறாங்க. காலுக்குள்ள யாரோ ஊசி குத்துறாங்களாம்."

"வீக்கம் அப்படித்தான் வலிக்கும். நீ போய்ப் பக்கத்துல இரு."

அவன் போனதும் கை தானாக ஊசியை எடுத்தது. சும்மா, நுனியால் தொட்டார்.

அலறல். அவள் குரல்.

ஊசி தரையில் விழுந்தது. இடுக்கியால் எலும்பைத் தூக்கப் பார்த்தார். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. வெறுங்கையைக் குப்பிக்குள் விட்டார். விரல்கள் எரிந்தன. எடுத்துவிட்டார். குழாயடியில் பிடித்தார்.

"போதும். இளகாதே. போதும்."

கட்டைவிரலுக்கடியில் எலும்பு இளநீர் வழுக்கைபோல் அமுங்கியது.

கீழே சத்தமே இல்லை.

படிகளில் விழுந்தெழுந்து ஓடினார். நாகலக்ஷ்மி சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஏன்னா, வலி சுத்தமா போயிடுத்து."

போர்வையை விலக்கினார். கால் இருந்தது. தோல் இருந்தது. விரலில் மெட்டி இருந்தது. முழங்காலுக்குக் கீழே எல்லாம், கட்டில் விளிம்பில், ஈரத்துணியாகத் தொங்கியது.

"என்ன பாக்கறேள்?"

எழுந்து உட்காரக் கையை ஊன்றினாள். முழங்கை மடங்கவில்லை. அமுங்கியது. அவர் அவள் கையைப் பற்றினார். பிடிக்குள் விரல்கள் ஒவ்வொன்றாகத் துவண்டன.

அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு, தாடையோடு சேர்ந்து, மெல்லத் தலையணைமேல் வழிந்தது.