நாலு ஃபிரேம் பொறுத்த குரல்

"யாருங்க இது... ஈரப் பையைக் கொண்டாந்து சுவிட்சர் மேல வைக்கிறது!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் பையை வாரிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான். வெளியே கொட்டிய மழையில் பாதி அவன் தலையில்தான் இருந்தது. நெற்றியிலிருந்து இறங்கிய ஒரு சொட்டு இமையில் தங்கி... விழலாமா வேண்டாமா என்று யோசித்து... மெல்லக் கன்னத்துக்கு வந்தது. இதை எதுக்கு நான் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சாரி மேடம். வெறும் மேஜைன்னு நினைச்சுட்டேன். நான் சவுண்டு."

"தெரியுதே. வந்ததும் வராததுமா என்னையே சத்தம் போட வச்சுட்டீங்க."

அவன் சிரித்தான். கண்ணும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. கடவுளே... வேலை நேரத்தில் இதெல்லாம் தேவையா? அவள் சட்டென்று பட்டன்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பெயரே 'பட்டன்'தான். சின்ன வயதில் வீட்டில் ஒரு சுவிட்சையும் விட்டுவைக்க மாட்டாள் என்று அண்ணன் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த அண்ணனின் வீடியோ கம்பெனியில் மூன்று வருடமாகக் கேமரா ஒயர் சுருட்டியவளுக்கு இன்றைக்குத்தான் முதல்முறையாக சுவிட்சர் நாற்காலி. நான்கு கேமராவின் படமும் அந்தப் பெட்டிக்குள் வரும். எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்பதை அவள் விரல்தான் முடிவு செய்யும்.

"செட்டிங்ஸ்ல கை வைக்காத. சொதப்பினேன்னா நாளைலேருந்து மறுபடி ஒயர்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கேமரா இரண்டுக்குப் போய்விட்டான்.

காது கேளாமை பற்றி ஒரு டாக்டரின் பேச்சு. அரங்கில் நூறு பேர் என்றால், நேரலையில் வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஒத்திகையில் டாக்டர் 'வணக்கம்' என்றார். மானிட்டரில் வணக்கம் முதலில் கேட்டது... உதடு அப்புறம்தான் அசைந்தது.

"உங்க சத்தம் முந்துது" என்றாள்.

"இல்லீங்க, உங்க படம் பிந்துது."

"என் மெஷினைக் குறை சொல்றீங்களா?"

"ஐயோ, குறையே இல்ல! நாலு கேமராவும் ஆளுக்கொரு நேரத்துல படம் அனுப்புது. சுவிட்சர் எல்லாத்தையும் பிடிச்சு நிறுத்தி, ஒரே சீராக்கி அனுப்புது. அதுல படம் கொஞ்சம் லேட்டாகுது. என் சத்தம் தனி ஒயர்ல நேரா ஓடி வந்துடுது. அதை நாலு ஃபிரேம், அதாவது நாலு படம் நகர்ற நேரம், காக்க வைங்க... ரெண்டும் சேர்ந்துடும்."

சொல்லிக்கொண்டே மைக்கோடு போய் கேமரா முன்னால் கை தட்டிக் காட்டினான். மானிட்டரில் தட்டல் கேட்ட பிறகுதான் கைகள் சேர்ந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இதுவரை போன இடங்களில் எல்லாம் கேமரா ஒயரிலேயே சத்தமும் வரும். இரண்டும் சேர்ந்தே தாமதமாகும். தனி ஒயரில் சத்தம் வருவது இன்றுதான். அவன் சொல்வது சரி. ஆனால் முதல் நாளே அண்ணனிடம் போய் நிற்பதா? அதுவும் ஈரப் பைக்காரன் சொல்லியா?

"எங்கண்ணன் வச்ச செட்டிங் சரியாத்தான் இருக்கும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவன் முகம் சுருங்கிவிட்டது. மைக்கோடு தன் சவுண்டு மிக்ஸருக்குத் திரும்பிப் போனான். போன பிறகு அவளுக்குச் சுருக்கென்றது.

பேச்சு தொடங்கி இருபது நிமிடம். ஒன்று, மூன்று, இரண்டு... விரல்கள் தப்பில்லாமல் ஓடின. ஆனால் டாக்டர் முகம் பெரிதாக வரும்போதெல்லாம் அந்த உதடு அவளை உறுத்தியது. அப்போது அவன் மறுபடி வந்தான். கையில் போன்.

"தப்பா நினைக்காதீங்க... வீட்ல எங்கம்மா பாத்துட்டிருக்காங்க. பாதிதான் காது கேக்கும். மீதியை உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. பத்து நாளா இந்தப் பேச்சுக்காகக் காத்துட்டிருந்தாங்க."

போனில் அம்மாவின் செய்தி: 'டாக்டர் பேசுறது ஒண்ணும் புரியலப்பா. குழம்புது. நான் அணைச்சிடுறேன்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். இந்த அம்மா மட்டுமா... இந்தப் பேச்சைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் இப்படி? என் வீம்புக்கு இவர்களா பலி?

கேமராக்காரர்கள், சவுண்டுக்காரர் எல்லோருடைய ஹெட்செட்டுக்கும் போகும் டாக்பேக் பட்டனை அழுத்தினாள். "அண்ணா... சத்தமும் உதடும் சேரல. சவுண்டுக்காரர் ஒத்திகையிலேயே சொன்னார், நான்தான் கேக்கல. தப்பு என்மேல. செட்டிங்கை மாத்துறேன்."

போச்சு, நாற்காலி போச்சு... அரங்கம் கை தட்டிய நேரம் பார்த்து சத்தத்தின் தாமதத்தை நான்கு ஃபிரேமுக்கு ஏற்றினாள். அடுத்த சொல்லில் குரலும் உதடும் ஒட்டிக்கொண்டன. அவள் கண் கலங்கியது.

"அணைக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க... சீக்கிரம்!"

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'இப்ப நல்லாப் புரியுது. யாருப்பா சரி பண்ணது?'

"என்னன்னு பதில் போட?" என்றான்.

"திமிர் பிடிச்ச ஒருத்தின்னு போடுங்க."

"பொய்யெல்லாம் அம்மாவுக்கு அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மிக்ஸருக்கு ஓடிவிட்டான்.

பேச்சு முடிந்து, நேரலை நின்று, கூட்டம் கலைந்தது. மழையும் தூறலாகியிருந்தது. மைக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன், ஆளில்லாமல் ஸ்டாண்டில் நின்ற கேமரா மூன்றுக்கு எதிரே வந்து நின்றான். அவள் மானிட்டர் நிறைய அவன் முகம். கழுத்தில் ஹெட்செட். கையிலிருந்த மைக்கை அணைத்துக் காட்டினான். பிறகு சத்தமே இல்லாமல், அம்மாவிடம் பேசிப் பழகிய வாயால், ஒவ்வொரு எழுத்தாக அசைத்தான்.

உங்களை... எனக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு.

மானிட்டரோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு படித்தவளுக்கு உலகமே மறந்துவிட்டது. "எனக்கும்தான்... அந்த ஈரப் பையோட பாத்தப்பவே" என்றாள்.

மானிட்டரில் அவன் துள்ளினான். இவனுக்கு எப்படிக் கேட்டது? குனிந்து பார்த்தாள். டாக்பேக் பட்டன் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணனிடம் பேசியபோது போட்டது... அணைக்கவேயில்லை!

"பட்டன்..." அவள் ஹெட்செட்டில் அண்ணனின் குரல்.

"அண்ணா..."

"தப்பு என்மேலன்னு சொன்னியே, அப்பவே முடிவு பண்ணிட்டேன். நாளைக்கும் நாற்காலி உனக்குத்தான். ஆனா அதை முதல்ல அணைச்சுத் தொலை. கேமராக்காரங்க மூணு பேரு கேட்டுக்கிட்டிருக்கோம்."

எங்கேயாவது ஓடி ஒளியலாம் போல இருந்தது அவளுக்கு. அதற்குள் அவனே மேஜைக்கு வந்துவிட்டான். பை இந்த முறை தோளிலேயே இருந்தது.

"அம்மா இன்னும் கேட்டுட்டே இருக்காங்க... யாரு சரி பண்ணதுன்னு. என்ன போட?"

அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"நேர்ல வந்து சொல்றேன்னு போடுங்க. என் உதட்டைப் பாத்து அவங்களே புரிஞ்சுக்கட்டும்."