ரெய்னோவின் நாய்

வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. ஏரி, வாசல் குழாய், கொல்லையில் மறந்துபோய் விட்ட துணி. நாய் காலையிலிருந்து வீட்டைவிட்டு இறங்கவேயில்லை. அப்படியிருந்தும் அதன் நான்கு கால்களும் நனைந்திருந்தன. அர்வி குனிந்து ஒரு பாதத்தைத் தூக்கி முகர்ந்தான். அழுகிய பாசியும் துருப்பிடித்த இரும்பும் கலந்தாற்போல, கோடை முடிவில் சதுப்பிலிருந்து எழும் அதே வாடை.

துணியெடுத்துத் துடைத்தான். டூலி அவன் கையைத் தட்டிவிட்டு மேசையைச் சுற்றி ஓடியது, நாற்காலியைச் சாய்த்தது, சோபாவில் ஏறிக் குதித்தது. இரண்டு வயது நிறையாத பெட்டை நாய். நாளெல்லாம் இதே ஓட்டம்தான். கடைசியில் காட்டைப் பார்த்த சன்னலில் முன்கால்களை ஊன்றி, வாலை மெல்ல ஆட்டியபடி நிற்கும். யாரோ வந்துகொண்டிருப்பதுபோல.

நகரத்துக் காப்பகத்திலிருந்து அதைத் தத்தெடுத்து வந்தபோது ஊரே அர்வியை மெச்சியது. அது ரெய்னோவின் நாய். இலையுதிர் காலத்தில் ரெய்னோவின் படகு ஏரியில் ஆளில்லாமல் மிதந்தது. ஏரியைத் துழாவினார்கள், உடல் கிடைக்கவில்லை. அவனுக்கு உறவென்று யாருமில்லை. சாலையில் திரிந்த நாயைக் காப்பகத்தார் பிடித்துப்போனார்கள். வேட்டைச் சங்கத் தலைவனும் பக்கத்து வீட்டுக்காரனுமான கலெர்வோ அர்வியின் முதுகில் தட்டினான்.

"நான் உன்னை என்னமோன்னு நினைச்சிருந்தேன்டா. நீயும் மனுஷன்தான்."

ரெய்னோ ஏரியில் இல்லை என்பது அர்விக்கும் நாய்க்கும் மட்டுமே தெரியும்.

மான் வேட்டையன்று அர்வி குடித்திருந்தான். பிர்ச் மரக்கன்றுகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது, சுட்டான். குண்டு ரெய்னோவின் தொடையில் பாய்ந்தது. ரெய்னோ பிழைத்திருப்பான். ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று தெளிவாகத்தான் சொன்னான். அர்வி கையிலிருந்த போனைப் பார்த்தான். துப்பாக்கி உரிமம் போகும், சிறை வரும். பிறகு அவனைச் சதுப்பின் கறுப்பு நீருக்குள் உருட்டித் தள்ளினான். குமிழிகள் நிற்கும்வரை காத்திருந்தான். நாய் கரையில் ஓடி ஓடிக் குரைத்தது. அதையும் குறிவைத்துச் சுட்டான், தப்பிவிட்டது. இருட்டியபின் போய் ரெய்னோவின் படகை ஏரியில் அவிழ்த்துவிட்டான்.

வேறு யார் அதைத் தத்தெடுத்தாலும் ஒருநாள் அது அவர்களை அந்தக் கரைக்கு இழுத்துக்கொண்டு போகும். அதனால் அவனே எடுத்தான். காப்பகத்துப் பெண் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்குப்பின் ஓநாய் தூக்கிப்போனது என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் மறுவார்த்தை கேட்கமாட்டார்கள்.

மின்டு என்ற அந்தப் பெண் வந்தாள். காப்பி குடித்தாள். காப்பகத்தில் இது தூங்கவே தூங்காது, இங்கே எப்படி என்று விசாரித்தாள். நன்றாகத் தூங்குகிறது என்று அர்வி சொன்னான். எழுந்துபோகும்போது அவள் சிரித்தாள்.

"உங்களை விட்டுக் கண்ணையே எடுக்க மாட்டேங்குதே. இவ்வளவு பாசத்தை நான் பார்த்ததே இல்ல."

மறுநாள் பிற்பகல், வெளிச்சம் வடியத் தொடங்கிய நேரத்தில், துப்பாக்கியோடு காட்டுக்குள் போனான். டூலியை ஒரு பைன் மரத்தில் கட்டினான். தோட்டாவைத் திணித்து நிமிர்வதற்குள் அது கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டது. பனியைச் சிதறடித்துக்கொண்டு ஓடியது. சதுப்பின் பக்கம்.

குரைப்புக் கேட்டது. ஆளைக் கண்டதும் நாய் போடும் சந்தோஷக் குரைப்பு. பிறகு ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் அர்வியைக் கண்டு கலெர்வோ பனி ஸ்கூட்டரை நிறுத்தினான். அவன் கையிலிருந்த வெறும் கயிற்றைப் பார்த்தான். அர்வி எதையும் சொல்வதற்கு முன்பே நாயின் கால்தடங்களைத் தொடர்ந்தான். அவை சதுப்பின் ஓரத்தில் முடிந்தன.

"கோட்டைக் கழட்டு" என்றான் கலெர்வோ.

அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். நாய் தொலைந்த இடத்தில், உடம்பில் போட்டிருக்கும் கோட்டை விரித்துவிட்டு வரவேண்டும். நாய் சுற்றியலைந்து திரும்பி வரும், எசமானின் வாசனையில் படுத்து விடியும்வரை காத்திருக்கும். மாட்டேன் என்றவன் அங்கே எவனுமில்லை. வீட்டில் பழைய கோட்டு ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றான் அர்வி.

"துவைச்சதை வெச்சு என்னடா பண்றது? உன் நாத்தம்தான் வேணும். குடு."

கலெர்வோவே அதைப் பனியில் விரித்தான். ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு. கைகளை இருபுறமும் நீட்டி வைத்து, கோட்டோடு தைத்திருந்த தொப்பியைச் சரிசெய்தான். காலையில் இருவருமாக வந்து பார்ப்போம் என்றான்.

அன்றிரவு அர்வி விளக்கை அணைக்கவில்லை. நாய் இல்லாத வீட்டில் நகங்கள் தரைப் பலகைமேல் நடந்தன, நின்றன, மறுபடி நடந்தன, அவற்றோடு இன்னொன்றும், ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்துக்கொண்டு, அடுப்பைச் சுற்றி, படுக்கையறைக் கதவுவரை வந்தது. அவன் கதவைத் திறக்கவில்லை. கலெர்வோவுக்கு முன்னால் போய்விட வேண்டும், அது ஒன்றுதான். நாய் அங்கே தோண்டிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்தது.

விடியாத காலையில் கிளம்பினான். குளிர் பல்லில் ஏறியது. காற்று இல்லை. தன் மூச்சு மட்டும். பூட்சுக்கடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும்.

கோட்டு இருந்தது. அதன்மேல் டூலி சுருண்டு படுத்திருந்தது. ஆழ்ந்த தூக்கம்.

அர்வி துப்பாக்கியைத் தூக்கினான். நாய் மெல்ல மேலே எழும்பியது. கீழே இறங்கியது. மறுபடி எழும்பியது. அதன் மூச்சல்ல.

கோட்டு மூச்சுவிட்டது.

தட்டையாகக் கிடந்த கைகளுக்குள் ஏதோ நிறைந்தது. துணி புடைத்தது. ஓரங்களில் கறுப்பு நீர் கசிந்தது. நாய் விழித்தது. வாலாட்டியது. இறங்கி வழிவிட்டது.

அர்வி பின்வாங்கினான். ஒரு காலடி. பனிக்கடியில் தரை இல்லை.

இடுப்புவரை. மார்புவரை. துப்பாக்கி போனது. பாசியைப் பிடித்தான். கையோடு வந்தது. கத்த வாய் திறந்தான். சேறு புகுந்தது.

மரங்களுக்கிடையே கலெர்வோவின் டார்ச் வந்தது.

ஆரஞ்சுக் கோட்டு எழுந்து நின்றது. ஒரு காலை இழுத்தபடி வெளிச்சத்தை நோக்கி நடந்தது. டூலி ஓடவில்லை, குதிக்கவில்லை. அதன் முழங்காலை ஒட்டியே நடந்தது.

"கிடைச்சுடுச்சா? நான்தான் சொன்னேனே. என்னப்பா, இப்படி நனைஞ்சிருக்க? வா, சூடா காப்பி போடுறேன்."

கோட்டு ஒருமுறை சதுப்பைத் திரும்பிப் பார்த்தது. தொப்பிக்குள் முகம் இல்லை. நீர் மட்டும் சொட்டியது. கலெர்வோ அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தான்.