கடைசிக் கோடு

வாசலிலிருந்து பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் புரொபசரின் சட்டை காய்ந்துவிட்டது.

கவனிக்காமல் இல்லை. இரண்டு நாளாக விடாமல் கொட்டும் மழை ரெயின்கோட்டுக்குள்ளும் புகுந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, சொட்டச் சொட்ட நுழைந்தவர், ஹாலைத் தாண்டி, இருட்டு நடையைத் தாண்டி, துணி காயவைக்கும் டிரையர் இருந்த அறைக்குள் கால் வைத்தபோது, காலர் இஸ்திரி போட்டதுபோல் மொடமொடவென்று கழுத்தை உரசியது. 'வீட்டையே அடுப்பு மாதிரி வச்சிருக்கா' என்று கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரம்மாவைப் பற்றி நினைத்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டைப் பற்றி அவர் நல்லதாக எதையும் நினைத்ததில்லை.

தொழில் மெக்கானிக். புரொபசர் என்பது சர்வீஸ் சென்டரில் கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பிளக்கைச் சொருகாமல் புகார் கொடுப்பவர்களையும், வடிகட்டியில் தலையணை அளவு பஞ்சு சேர்ந்த பிறகு "சத்தம் வருது சார்" என்பவர்களையும் பார்த்துப் பார்த்து, மனித குலத்தின்மேல் அவருக்கு ஓர் ஏளனம் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. கூட வேலை செய்பவர்கள் அதைவிட மோசம். இதே வீட்டுக்கு முன்னால் வந்த இருவரும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். ஒருவன் தொண்டை சரியில்லை என்று லீவில் இருக்கிறான். இன்னொருவன் போனையே எடுப்பதில்லை.

"பாதியில எழுந்து வர்றவன்லாம் மெக்கானிக்காடா? நான் முடிக்காம வந்தா நாளையிலேருந்து உங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கற வேலையைப் பாக்கறேன்" என்று காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்திருந்தார். எட்டுப் பேர் கேட்டார்கள். எட்டுப் பேரும் காத்திருப்பார்கள்.

வீட்டுக்காரம்மா அந்த அறையின் வாசற்படியிலேயே நின்றாள். ஐம்பது வயதிருக்கும். முகம், கழுத்து, கை எல்லாம் எண்ணெய் வழிய மினுமினுத்தது. கையில் ரப்பர் உறை. மகாராணி அறைக்குள் கால் வைக்க மாட்டாள் போலிருக்கிறது.

"நிக்கவே மாட்டேங்குது தம்பி. ஓடிக்கிட்டே இருக்கு."

"துணி காயுதா?"

"துணிக்கென்ன, நல்லாத்தான் காயுது. இதுதான் ஓயமாட்டேங்குது."

ஈரம் பார்க்கும் சென்சார்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லலாம். கதவுக்குக் கீழே, டிரம்மின் உள்விளிம்பில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி புரளும்போது இரண்டையும் சேர்த்துத் தொட்டால், அதன் வழியாகச் சிறிது மின்சாரம் பாயும். பாய்ந்தால் ஈரம். பாயாவிட்டால் காய்ந்துவிட்டது என்று மெஷின் தானே நின்றுவிடும். ஈரம் எவ்வளவு பாக்கி என்று திரையில் ஐந்து கோடுகள் காட்டும். இதற்குப் போய் இரண்டு பேர் வந்து, இரண்டு பேரும் ஓட்டம்.

கதவைத் திறந்தார். டிரம் காலி. திரையில் ஐந்து கோடுகளும் எரிந்தன.

"உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா. எதைப் பாத்து ஈரம்ங்குது?"

"நேத்து பூரா ஒரு கோடுகூட இல்ல தம்பி. நீங்க மணி அடிச்சப்பத்தான் அஞ்சும் வந்துச்சு."

"என்னைப் பாத்ததும் வேர்த்துடுச்சு போல" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மெஷின் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. சூடான பஞ்சின் வாசனை, கருகல் ஏறிய துணியின் வாசனை, அதற்கும் அடியில், பல வருடம் மூடிக்கிடந்த காகிதக் கட்டைப் பிரித்தால் மூக்கில் ஏறுமே, அந்த நெடி. பட்டைகள்மேல் ஏதாவது படிந்திருக்கும் என்று துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார். கறை எதுவும் வரவில்லை. ஸ்பிரிட் மட்டும் துணியிலிருந்து கண்ணெதிரே மறைந்தது.

திரையில் ஒரு கோடு அணைந்தது. நான்கு.

"பாத்தீங்களா?" என்றார். "துடைக்கத் தெரியாதவங்களை அனுப்பினா இப்படித்தான்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொடியில் போட்ட துணியை எப்போது எடுக்கலாம் என்று பார்ப்பதுபோல.

முன்பலகையைக் கழற்றி, சென்சாரின் ஒயரைப் பிடுங்கித் தனியாகத் தொங்கவிட்டார். இனி எந்தப் பட்டையும் எதையும் தொட்டு எதுவும் சொல்ல முடியாது. கோடு மொத்தமும் போக வேண்டும். போகாவிட்டால் சர்க்யூட் போர்டில் கோளாறு. கணக்கு அவ்வளவுதான்.

கோடுகள் போகவில்லை. ஒன்று மட்டும், சாவகாசமாக, மங்கி மங்கி அணைந்தது. மூன்று.

போர்டில் தேங்கிய மின்சாரம் இறங்குகிறது என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். அப்படி எதுவும் தேங்காது என்பது அவருக்கே தெரியும். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. இமைக்கும்போது ஒரு சத்தம் கேட்டது; ஒட்டியிருந்த இரண்டு தாள்களைப் பிரிக்கும் சத்தம். ஸ்க்ரூடிரைவரின் கறுப்புப் பிடியெல்லாம் வெள்ளையாகத் தூசு. துடைத்தார். மறுபடி தூசு. அது அவருடைய விரல்களிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரைத் தட்டினார். சூப்பர்வைசர் பெண்.

"அண்ணே, முடிஞ்சுதா? இல்ல உங்களுக்கும் தொண்டை வலியா?"

பின்னால் யாரோ, "புரொபசருக்கு டீ கிளாஸ் கழுவி வச்சாச்சுன்னு சொல்லு!" என்று கத்த, மொத்தக் கூட்டமும் சிரித்தது.

"ரெண்டு கோடு எறக்கியாச்சு. மூணுதான் பாக்கி" என்றார். குரல் காய்ந்த சருகு மாதிரி வந்தது. "முடிச்சிட்டு போட்டோ அனுப்பறேன். ஃப்ரேம் போட்டு மாட்டிக் கும்பிடுங்க."

"குரல் ஏண்ணே இப்படி இருக்கு? உடம்புக்கு முடியலன்னா வந்துடுங்க, பரவாயில்ல."

பரவாயில்லையாம். நேற்றுப் பிறந்தது எல்லாம் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. போனைத் துண்டித்தார்.

அதற்குள் இன்னொரு கோடும் போயிருந்தது. இரண்டு.

தொண்டையை நனைக்கப் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். நீர் நாக்கைத் தாண்டி இறங்கிய உணர்வே இல்லை. சூடான மணலில் ஊற்றியதுபோல் எங்கோ போய்விட்டது.

திரையில் கோடு ஏறியது. மூன்று.

பாட்டிலைக் கீழே வைத்தார். மெஷினைத் தொடவில்லை. ஒயர் தனியாகத்தான் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் கோடு இறங்கியது. இரண்டு. மறுபடி குடித்தார். மூன்று. நிறுத்தினார். இரண்டு.

வாழ்நாள் முழுக்க அவர் செய்த சோதனை இது. ஒன்றை மாற்று, மற்றதைப் பார். மறுபடி மாற்று, மறுபடி பார். எந்தக் கோளாறும் இதில் தப்பியதில்லை. எந்த முட்டாளுக்கும் புரியும் விடை.

மெஷின் டிரம்மை அளக்கவில்லை.

"முன்னாடி வந்த ரெண்டு தம்பியும் இப்படித்தான்" என்றாள் அவள். குரலில் சலிப்பு. "ரெண்டு கோடு இருக்கறப்பவே எழுந்து ஓடிட்டாங்க. பாதியில போனா இது எப்படி நிக்கும்? நீங்களே சொல்லுங்க."

அப்போதே போயிருக்கலாம். கால்கள் இன்னும் அவர் சொன்னதைக் கேட்டன. நடை திறந்துதான் கிடந்தது. அதன் கோடியில் மழை தெரிந்தது. ஆனால் எட்டுப் பேரும் தெரிந்தார்கள். கழுவி வைத்த டீ கிளாஸ் தெரிந்தது. 'புரொபசரும் ஓடி வந்துட்டாருடா' என்ற குரல் காதிலேயே கேட்டது. ஒரு மெஷினுக்குப் பயந்து. காலி டிரம்முக்குப் பயந்து. எண்ணெய் பூசிய ஒரு பொம்பளைக்குப் பயந்து.

பிளக்கைப் பிடுங்கினால் ஆயிற்று. அதையும் அந்த முட்டாள்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

மண்டியிட்டு, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து, பிளக்கைப் பிடுங்கி வெளியே எடுத்தார். வெற்றியோடு தூக்கிக் காட்டினார்.

முனகல் நிற்கவில்லை.

திரை எரிந்தது. ஒரு கோடு.

எழப் பார்த்தார். முழங்கால் மடிந்தே இருந்தது. அழுத்தினார். அட்டைப்பெட்டியை மிதித்ததுபோல் நொறுங்கியது. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது.

பாட்டில். கவிழ்த்தார். ஒரு சொட்டு. உள்ளங்கையில் விழுந்தது. உருண்டது. ஒட்டாமல் தரையில் விழுந்தது. தரை குடித்தது.

போன். திரையில் விரலை வைத்தார். அது விரலை உணரவில்லை. மறுபடி வைத்தார். உணரவில்லை.

கத்தினார். சத்தம் வரவில்லை. உதடு பிளந்தது. ரத்தமும் வரவில்லை.

அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை.

நடையின் கோடியில் மழை. பார்க்க மட்டும் முடிந்தது. எவ்வளவு தண்ணீர். எவ்வளவு.

கடைசிக் கோடு மங்கியது. எரிந்தது. மங்கியது.

அணைந்தது.

முனகல் நின்றது. அந்த வீட்டில் அதுவரை கேட்காத ஓர் அமைதி. பிறகு மெஷின், வேலை முடிந்ததற்கு அடையாளமாக, குழந்தைகளின் பொம்மையில் வருவதுபோன்ற ஒரு சின்ன, குதூகலமான இசையை வாசித்தது.

"அப்பாடா" என்றாள் அவள்.

முதல்முறையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ரப்பர் உறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு விரல்களால் அவருடைய கன்னத்தைப் பிடித்து லேசாகக் கசக்கிப் பார்த்தாள். காதுமடலைத் தடவினாள். அக்குளில் கையை விட்டுப் பார்த்தாள். அங்கேதானே ஈரம் கடைசிவரை தங்கும்.

"பேசின பேச்சுக்கு நல்லாவே காஞ்சிருக்க" என்றாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்க முடியவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது.

அவள் அவரைத் தரையில் மல்லாத்தி, மார்பை உள்ளங்கையால் அழுத்தி நீவிச் சுருக்கம் எடுத்தாள். வலது கையைத் தூக்கி, முழங்கையில் மடித்து, நெஞ்சின்மேல் வைத்துத் தட்டினாள். அது அப்படியே படிந்து கிடந்தது. இடது கையையும் மடித்து அதன்மேல் வைத்தாள்.

பிறகு, ஓரங்கள் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே, அவரை இடுப்பில் இரண்டாக மடித்தாள்.