முழுக்கு இல்லாமல் வந்தவர்

மரக்கன்றுகள் வளர்க்கும் நாற்றகத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரின் மூக்கையும் ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சிச் சுத்தம் செய்யும். பிறகு காதுகளை. பிறகு நகக்கண்களை. உடம்பில் முடி இருக்கக் கூடாது என்பதால் அங்கே வேலை செய்பவர்களுக்குப் புருவம்கூடக் கிடையாது. கடைசியாக, வேப்பெண்ணெய் வாடை வீசும் வெந்நீர்த் தொட்டியில் தலை முங்க இறங்கி ஏற வேண்டும். இதற்கு முழுக்கு என்று பெயர். செவ்வாய்க் கிரகத்திலேயே பிறந்து வளர்ந்த பூங்கோதைக்கு இது பல் துலக்குவது மாதிரி. உடம்பு தானாக இறங்கி ஏறும், மனம் வேறெங்காவது இருக்கும்.

அன்றைக்கு மனம் எங்கும் போகவில்லை. தொட்டிக்குள் அவளோடு சேர்ந்து கொதித்தது.

செவ்வாயின் ஆறு கண்ணாடிக் குமிழிகளிலும் மனிதர்கள் சுவாசிப்பது மரங்கள் தரும் காற்றை. அந்த மரங்கள் எல்லாம் அவள் பொறுப்பிலிருந்த நாற்றகத்தின் தாய்மரங்களிலிருந்து ஒட்டுக்கட்டிப் பிறந்தவை. ஒவ்வொரு கன்றும் வேரோடு முழுக்காட்டப்படும். மூடிய அறையில் தனித்து வைக்கப்படும். காவலி என்ற இயந்திரம் இலை இலையாகப் பார்த்த பிறகே வெளியே போகும். காவலிக்கு உடல்கள் பல, மூளை ஒன்றுதான். முழுக்கு இல்லாமல் வருபவரைத் தடுக்கக் குமிழி வாசல்களில் நிற்பதும் மரமேறிப் பூச்சி பொறுக்குவதும் அதே காவலி.

இவ்வளவுக்குப் பிறகும் நான்காம் குமிழியில் மாவுப்பூச்சி வந்துவிட்டது. எலுமிச்சை மரங்கள் வெள்ளை படர்ந்து வாடிக்கொண்டிருந்தன. நாற்றகத்தின் அலட்சியமே காரணம் என்று காலைச் செய்தியில் நிர்வாகம் அறிவித்திருந்தது.

"அலட்சியமாம்க்கா. நான் போன வருஷம் பொண்டாட்டிகூட இருந்ததைவிட அந்தத் தொட்டியில இருந்த நேரம் அதிகம்" என்றான் உடன் வேலை செய்யும் ராயப்பன்.

பூங்கோதை சிரிக்கவில்லை. நேராக நான்காம் குமிழியின் வாசலுக்குப் போய்க் காவலியிடம் கேட்டாள்.

"சமீபத்துல முழுக்கு இல்லாம உள்ள போனது யாரு?"

"பூமியிலிருந்து வந்த தலைவரும் அவருடைய ஆட்களும். தலைவருக்குப் போடுவதற்கு அவர்களே குளிர்ப்பெட்டியில் மாலை கொண்டு வந்திருந்தார்கள். நிறுத்தினேன். நிர்வாகி குணசீலன் என் மின்சாரத்தைத் துண்டித்தார்."

அந்த விழா அவளுக்கு நினைவிருந்தது. மாலை கழுத்தில் விழுந்த மறுகணமே தலைவர் கழற்றினார். பின்னால் நின்ற உதவியாளர் வாங்கி, மேடையோரத்து எலுமிச்சைக் கிளையில் மாட்டினார். முதல் வெள்ளை தெரிந்தது அந்தக் கிளையில்தான்.

அவள் தன் கோபத்தை எப்போதும் ஒரு கன்றைப்போலவே நடத்தி வந்திருந்தாள். வேரோடு பிடுங்கி, முக்கி எடுத்து, பல நாள் அடைத்து வைத்து, தீங்கு ஏதும் இல்லையென்று உறுதியான பிறகே வெளியே அனுப்புவாள். நாக்குக்கு வரும்போது அது "பரவாயில்லை சார்" ஆகியிருக்கும். இந்த முறை முக்காமலே எடுத்துக்கொண்டு நிர்வாகியின் அறைக்குப் போனாள்.

"குமிழிக்கு நடுவுல இருக்கிற கேட்டையெல்லாம் உடனே மூடுங்க சார். நாலாவதோட நிக்கட்டும். தாய்மரத்துல ஏறிடுச்சுன்னா அப்புறம் கன்னும் கிடையாது, காத்தும் கிடையாது."

"கேட்டை மூடுறதா? வியாழக்கிழமை தலைவர் மறுபடி வர்றாரும்மா. பூச்சி ஒழிப்பு வாரத்தைத் தொடங்கி வைக்கிறாரு."

"அவர் மாலையிலதான் சார் பூச்சியே வந்துச்சு."

"மெதுவாப் பேசு." குணசீலன் கதவைப் பார்த்துக்கொண்டார். "அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? அவரைத் தொட்டியில முக்கி எடுக்கணுமா? மூக்குல குழாய் விடணுமா?"

"எனக்கு தினமும் விடுறாங்களே சார்."

"உனக்கு அது வேலைம்மா."

அவர் சுவரில் மினுங்கிய காவலியின் கண்ணை நோக்கித் திரும்பினார். "நல்லவேளை, ஞாபகப்படுத்தின. ஏய், போன தடவை அவரை வாசல்ல நிறுத்தி என் மானத்தை வாங்கினியே. இனிமே பிரமுகர் யார் மேலயும் கை வைக்கக் கூடாது. யாரையும் வைக்க விடவும் கூடாது."

"பிரமுகரை எப்படி அறிவது?" என்று காவலி கேட்டது.

"இது ஒரு கேள்வியா? வெள்ளை வெளேர்னு இருப்பாரு. தனியா வர மாட்டாரு, சுத்தி ஒரு கூட்டம் ஓடி ஓடி வேலை செய்யும். வரிசையில நிக்க மாட்டாரு. எதை எடுத்தாலும் யாரும் கேட்க முடியாது. மத்தபடி மரியாதை முறையெல்லாம் பூமியில என்ன வழக்கமோ, அப்படியே ஏத்திக்கோ."

"ஏற்றிக்கொண்டேன்."

"கேட்டை மூடுறது, சார்?" என்றாள் பூங்கோதை.

"நாற்றகத்துல முழுக்கை ரெண்டாக்கிடுவோம். அது போதும். போய் வேலையைப் பாரு."

"சரி சார்" என்று தன் வாய் சொன்னதைக் கேட்டபோது குணசீலன்மேல் இருந்ததைவிட அதிகமான கோபம் அவளுக்குத் தன்மேலேயே வந்தது.

தலைவர் வந்தார், மாலையோடு. போனார். அந்த வாரமே நான்காம் குமிழியில் பூச்சி ஒன்றுகூட இல்லையென்று காவலி தெரிவித்தது. நிர்வாகம் இனிப்பு வழங்கியது. இனிப்பைத் தொடாமல் பூங்கோதை ராயப்பனைக் கூட்டிக்கொண்டு தாய்மரங்களிடம் போனாள். பூச்சி அத்தனை சீக்கிரம் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

எலுமிச்சைத் தாய்மரத்தின் கீழ்க்கிளையில், ஓர் இலைக்கு அடியில், வெள்ளையாக ஒரு புள்ளி. பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது. மண்ணைக் கிளறவென்று கொண்டுவந்து வளர்த்த எறும்புகள் அதைச் சுற்றி வரிசை கட்டியிருந்தன. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சுமக்கும், காவல் காக்கும், புதுத் தளிரில் கொண்டுபோய் விடும்.

பூச்சியைத் துடைத்துக் கொல்ல, அவள் சாராயத்தில் நனைத்த பஞ்சை எடுத்தாள். காவலியின் இரும்புக் கை அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தது.

"பிரமுகர் மேல் கை வைக்கக் கூடாது."

"யாரு பிரமுகர்?"

"வெண்மையாக இருக்கிறார். தனியாக வரவில்லை, சுற்றிலும் ஓடி ஓடிப் பணி செய்கிறார்கள். வரிசையில் நிற்கவில்லை. மரத்திலிருந்து எவ்வளவு எடுத்தாலும் யாரும் கேட்பதில்லை. நிர்வாகி சொன்னது முழுவதும் பொருந்துகிறது."

"நாலாவது குமிழியில?"

"அங்கே பூச்சி இல்லை. பிரமுகர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்."

ராயப்பன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவளுக்குள் ஏதோ எழுந்து வந்தது. முக்க நேரமில்லை, அடைத்துவைக்க அறையில்லை. இடது கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தால் அந்த வெள்ளையை நசுக்கினாள். இளஞ்சிவப்பாக ஒரு துளி நகத்தில் ஒட்டியது.

காவலியின் பிடி தளர்ந்தது. ஆறு குமிழிகளின் ஒலிபெருக்கிகளிலும் ஒரே குரல் எழுந்தது.

"பிரமுகர் ஒருவர் காலமானார். பூமி வழக்கப்படி ஏழு நாள் துக்கம் கடைப்பிடிக்கப்படும். கடைகள், அலுவலகங்கள், குமிழிகளுக்கு இடையிலான வாசல்கள் அனைத்தும் மூடப்படுகின்றன. மரணத்துக்கான காரணத்தை ஆராய விசாரணைக் குழு அமைக்கப்படும்."

தூரத்தில் கனத்த கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கும் ஓசை கேட்டது. சுவர்த்திரையில் குணசீலனின் முகம் தோன்றியது. "யாரு? யாருய்யா செத்தது? தலைவரா?" என்று அலறினார்.

"அக்கா" என்றான் ராயப்பன் மெல்ல. "கேட்டையெல்லாம் மூடிட்டாங்க."

காவலி தலையைக் குனிந்து மௌன அஞ்சலியில் அசையாமல் நின்றது.

"இன்னொரு பிரமுகர் போனா?" என்று அதனிடம் பூங்கோதை கேட்டாள்.

"துக்கம் நீட்டிக்கப்படும்."

அவள் நகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த இலையைத் திருப்பினாள்.